கை தூக்கினால் போதுமா? ‘ஜனநாயக முறைப்படி’ என்பதன் பொருள்

வேலூர்ப் பக்கம் ‘ஜனநாயகம்’ என்ற சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. தேர்தல் அன்றைக்கு மை வைத்த விரலைப் படம் எடுத்து ‘ஜனநாயகக் கடமை முடிந்தது’ என்று போடுகிறோம். டீக்கடையில் ஒருவர் பேச்சை இன்னொருவர் மறித்தால், “இன்னாபா, பேசக்கூடக் கூடாதா? ஜனநாயக நாடுதான இது?” என்று எகிறுகிறார். சங்கக் கூட்டத்தில் இழுபறி வந்தால் தலைவர், “ஜனநாயக முறைப்படியே முடிச்சிடலாம், கை தூக்குங்க” என்கிறார். செல்போன் விலை இறங்கினால் அதையும் ‘தொழில்நுட்பம் ஜனநாயகமாகிவிட்டது’ என்று யாராவது எழுதிவிடுகிறார்கள்.

முதலாமவர் ஓட்டைச் சொல்கிறார். இரண்டாமவர் பேச்சுரிமையை, மூன்றாமவர் எண்ணிக்கையை, கடைசி ஆள் மலிவை. நாலு பேரும் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு நாலு திசையில் போகிறார்கள். இவர்களில் அதிகம் குழப்புகிறவர் சங்கத் தலைவர்தான். கூடுதல் கைகள் ஒரு பக்கம் உயர்ந்துவிட்டால் அந்த முடிவு ஜனநாயகமானது என்று அவர் மனதார நம்புகிறார். நம்மில் பலரும் அப்படித்தான் நம்புகிறோம். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த நம்பிக்கையைப் பற்றியது.

## ஒரு தெருவின் ஆடித் திருவிழா

குடியாத்தம் பக்கமோ சத்துவாச்சாரிப் பக்கமோ ஒரு தெருவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அறுபது வீடு. ஆடியில் அம்மனுக்குக் கூழ் வார்க்க வேண்டும். போன வருடம் தலைக்கட்டு வரி வீட்டுக்கு ஆயிரம் ரூபாய். இந்த வருடம் பாட்டுக் கச்சேரியும் வாண வேடிக்கையும் வேண்டும் என்று இளவட்டம் பிடிவாதமாக நிற்கிறது. அதனால் இரண்டாயிரம் ஆக்கலாமா என்று கோயில் எதிரில் கூட்டம் போடுகிறார்கள். வேண்டும் என்று 28 கை, வேண்டாம் என்று 8 கை. முடிந்தது. “ஜனநாயக முறைப்படி முடிவாயிடுச்சு, யாரும் அப்புறம் பேசக் கூடாது.”

எண்ணிக்கையில் தவறில்லை. 28 என்பது 8-ஐ விடப் பெரிதுதான். ஆனால் கூட்டத்தை இன்னும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம்.

அறுபது வீட்டில் இருபது வீடு வாடகைக்காரர்கள். வரி அவர்களுக்கும் உண்டு, கூட்டத்துக்கு அழைப்பு இல்லை. தலைக்கட்டு என்றால் நடைமுறையில் வீட்டு ஆம்பிளை என்பதால் பெண்கள் திண்ணையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். கணவரை இழந்து தையல் மெஷின் வைத்துக் குடும்பம் நடத்தும் அம்மாவும் அந்தத் திண்ணையில்தான். கை தூக்கச் சொன்னவர் அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு வட்டிக்குப் பணம் கொடுத்தவர்; அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே ‘வேண்டாம்’ என்று கை தூக்க எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? போன வருடம் வசூலான பணத்துக்குக் கணக்கு இன்னும் வாசிக்கப்படவில்லை. கடைசியாக, உற்சாகத்தில் இன்னொரு தீர்மானமும் போட்டார்கள்: வரி கட்டாத வீட்டுக்குத் தெருக்குழாயில் தண்ணீர் இல்லை. அதற்கும் 28 கை.

ஓட்டெடுப்பு நடந்தது உண்மை. ஆனால் பணம் கொடுக்கப் போகிற வீடுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எண்ணப்படவே இல்லை. எண்ணப்பட்டவர்களும் பயமில்லாமல் கை தூக்கியிருக்க முடியாது. பொறுப்பில் இருப்பவர் கணக்குச் சொல்லவில்லை. தோற்றவர்களுக்குத் தண்ணீரை நிறுத்தும் அதிகாரம் அந்தக் கூட்டத்துக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. “யாரும் அப்புறம் பேசக் கூடாது” என்ற கடைசி வாக்கியம்தான் எல்லாவற்றிலும் மோசம். முடிவை மாற்றும் வழியை அது அடைத்துவிடுகிறது.

சுருக்கமாக இப்படிச் சொல்லலாம். ஒரு முடிவு யார் தலையில் விழப்போகிறதோ அவர்கள் எல்லாருக்கும் அதில் சமமான பங்கு இருக்க வேண்டும். அந்தப் பங்கை அச்சமில்லாமல் பயன்படுத்த முடிய வேண்டும். முடிவெடுத்தவரைக் கணக்குக் கேட்கவும், தேவைப்பட்டால் ஆளையோ முடிவையோ பிறகு மாற்றவும் வழி இருக்க வேண்டும். இவை இருக்கிற இடத்தில்தான் ‘ஜனநாயகமான’ என்ற அடைமொழி பொருந்தும். ஓட்டு இதற்கான கருவிகளில் ஒன்று, முக்கியமான ஒன்று.

## பாதிக்கு மேல் வேண்டுமா?

பெரும்பான்மை என்றால் மொத்தத்தில் பாதிக்கு மேல். நூறு பேரில் 51 பேர் ஒரு பக்கம் நின்றால் பெரும்பான்மை. நம் நாட்டில் எம்.பி., எம்.எல்.ஏ. தேர்தல்களுக்கு அதுகூடத் தேவையில்லை. போட்டியிட்டவர்களில் யாருக்கு அதிக ஓட்டோ அவர் வென்றவர். இதை ‘முந்தியவர் வெற்றி’ முறை என்று வைத்துக்கொள்ளலாம்.

வேலூர் மக்களவைத் தொகுதியில் 2019-ல் வென்றவருக்குக் கிடைத்தது 4,85,340 ஓட்டு. இரண்டாவது வந்தவருக்கு 4,77,199. வித்தியாசம் 8,141. வென்றவர் வாங்கியது பதிவான ஓட்டில் சுமார் 47 விழுக்காடு. அப்படியென்றால் ஓட்டுப் போட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை.

ஜனநாயகம் என்றால் பெரும்பான்மை என்று பிடித்துக்கொண்டவர் இங்கே மாட்டிக்கொள்வார். பாதிகூட இல்லாமல் ஜெயித்தவர் எப்படி எல்லாருக்கும் எம்.பி. ஆனார்? விதி முன்கூட்டியே எல்லாருக்கும் தெரியும். எல்லா வேட்பாளருக்கும் ஒரே விதி. ஒவ்வொரு ஓட்டுக்கும் ஒரே மதிப்பு. தோற்றவர் வீட்டுக்குப் போய்விடலாம், ஜெயிலுக்குப் போக வேண்டியதில்லை. அடுத்த முறை மறுபடி நிற்கலாம். தோற்ற 4,77,199 ஓட்டுக்காரர்களும் அதே எம்.பி.யிடம் போய் ‘எங்க ஊருக்கு ரயில் நிக்கணும்’ என்று மனுக் கொடுக்க முழு உரிமை உள்ளவர்கள். பலர் சார்பில் ஒருவர் போய் அவையில் உட்கார்ந்து பேசுவதைப் பிரதிநிதித்துவம் என்கிறோம். தனக்குப் போட்டவர், போடாதவர் இருவருக்கும் அவர்தான் பிரதிநிதி.

இந்த முறையை விடச் சிறந்தவை உண்டு என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது வேறு கதை, இங்கே வேண்டாம்.

தோற்றவர் தோல்வியை ஏற்றுக்கொள்வது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு ஒரு எடுத்துக்காட்டு. 1999 ஏப்ரல் 17-ல் பிரதமர் வாஜ்பாயின் அரசு மக்களவையில் நம்பிக்கை வாக்கெடுப்பில் ஒரே ஒரு ஓட்டில் தோற்றது: ஆதரவு 269, எதிர்ப்பு 270. நாட்டின் ராணுவம், காவல்துறை, கஜானா எல்லாம் கையில் இருந்த அரசு ஒற்றை ஓட்டுக்காகப் பதவி விலகியது. சில மாதங்களில் பொதுத்தேர்தல் நடந்து, அதே வாஜ்பாய் மக்கள் ஓட்டோடு திரும்பி வந்தார். போகவும் வரவும் ஒரே கதவு, அது பூட்டப்படவில்லை.

## பட்டியலில் யார் பெயர் இருக்கிறது?

நம் தெருவில் வாடகைக்காரரும் பெண்களும் விடுபட்டது போல, வரலாற்றில் விடுபட்டவர்களே அதிகம். வெள்ளைக்காரர் காலத்துச் சென்னை மாகாணத்தில் சட்டமன்றத்துக்குத் தேர்தல் நடந்ததுண்டு. சொத்து, வரி போன்ற தகுதி இருந்தவர்தான் ஓட்டுப் போடலாம். 1921-ல் அந்த மாகாணத்தில் பெண்களுக்கும் ஓட்டு வந்தது. ஆனால் அதே சொத்துத் தகுதியோடு. வேலூர் அடங்கிய பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் ஏர் பிடித்தவர், பீடி சுற்றியவர், தோல் பதனிட்டவர் பெரும்பாலும் வேடிக்கை பார்த்தவர்கள்தான்.

1950-ல் அரசமைப்புச் சட்டம் அமலுக்கு வந்தபோது இது ஒரே அடியில் மாறியது. அரசமைப்புச் சட்டம் என்றால், அரசு எப்படி அமைய வேண்டும், அதன் அதிகாரம் எங்கே முடிய வேண்டும் என்று வரையறுக்கும் அடிப்படைச் சட்டம். அதன் 326-வது பிரிவு வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு என்றது. அப்போது வயது 21. பிறகு 61-வது திருத்தம் அதை 18 ஆக்கி, 1989-ல் நடைமுறைக்கு வந்தது. படிக்காதவருக்கும் சொத்தில்லாதவருக்கும் ஓட்டுக் கொடுத்தால் நாடு என்னவாகும் என்று அன்றைக்குக் கவலைப்பட்டவர்கள் உண்டு. இன்றைக்கும் ‘படிச்சவங்களுக்கு மட்டும் ஓட்டுக் கொடுத்தா எல்லாம் சரியாயிடும்’ என்று காட்பாடியில் ரயில் ஏறும் யாராவது ஒருவர் சொல்லத்தான் செய்கிறார். அவர் கேட்பது நல்ல ஆட்சியாக இருக்கலாம். ஜனநாயகம் இல்லை.

‘அதெல்லாம் நமக்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே இருந்தது’ என்று உத்திரமேரூரைக் காட்டுவார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிற ஊர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. ஊரை முப்பது ‘குடும்பு’களாக, அதாவது இன்றைய வார்டு மாதிரியான பகுதிகளாகப் பிரித்து, தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் தெரியாத சிறுவனை விட்டு எடுக்கச் செய்து, வாரியங்கள் எனப்பட்ட நிர்வாகக் குழுக்களுக்கு ஆள் சேர்த்தார்கள். பதவி ஓராண்டுக்கு. முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் தகுதி இழந்தார். அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை. இந்தக் கடைசி விதியை நம் திருவிழாக் கமிட்டிக்குக் கொண்டுவந்தால் பாதிக் கமிட்டி காலியாகிவிடும். பெருமைப்பட வேண்டிய ஏற்பாடுதான்.

ஆனால் குடத்தில் யார் பெயர் விழுந்தது? கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35-க்கும் 70-க்கும் இடையில் இருக்க வேண்டும், வேதம் அறிந்திருக்க வேண்டும். அது பிராமணர் ஊரின் சபை. உழுதவரும் பெண்களும் குடத்துக்கு வெளியே. கணக்குக் கேட்பதில் நம்மை விட முன்னால், சமத்துவத்தில் வெகு பின்னால். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் உத்திரமேரூரைச் சரியாகச் சொன்னதாகும்.

பட்டியல் விரிவது இன்னும் நின்றுவிடவில்லை. தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று 2016-ல் சட்டம் திருத்தப்பட்டது. 2022 பிப்ரவரியில் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் வேலூர் மாநகராட்சியின் 37-வது வார்டில் கங்கா என்ற திருநங்கை கவுன்சிலராக வென்றார். ஒரு தலைமுறைக்கு முன் அப்படி ஒரு சுவரொட்டியை வேலூரில் யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

இதுவரை பார்த்தது: பெரும்பான்மை என்பது முடிவெடுக்கும் ஒரு வழி. அந்த வழி நியாயமாக இருக்க, பாதிக்கப்படும் எல்லாரும் பட்டியலில் இருக்க வேண்டும். தோற்றவருக்கு அடுத்த வாய்ப்பு இருக்க வேண்டும். இனி மற்ற இரண்டு: கணக்குக் கேட்பது, பயமோ விலையோ இல்லாமல் ஓட்டுப் போடுவது.

## ஐந்து வருடம் யாரைக் கேட்பது?

ஜனநாயகம் இல்லாமல் போவதென்றால் டாங்கிகள் தெருவில் ஓட வேண்டும் என்று நினைக்கிறோம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஊராட்சிகளில் அது சத்தமே இல்லாமல் ஐந்து வருடம் நடந்தது.

தமிழ்நாட்டில் உள்ளாட்சி அமைப்புகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அறிவித்த தேர்தலை, இடஒதுக்கீட்டைச் சரியாகச் செய்யவில்லை என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. தலைவர்கள் இறங்கினார்கள், அவர்கள் இடத்தில் அரசு நியமித்த தனி அலுவலர்கள் வந்தார்கள். மற்ற மாவட்டங்களின் கிராமங்களுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் வந்துவிட்டது. ஆனால் 2019 நவம்பரில்தான் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்திருந்தார்கள். மாவட்டம் பிரிந்த இடங்களில் வார்டு எல்லையைத் திருத்திய பிறகு தேர்தல் நடத்துங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதால், இங்குள்ள மூன்று மாவட்டங்கள் உட்பட ஒன்பது மாவட்டங்கள் காத்திருந்தன. நடுவில் கொரோனா. கடைசியில் 2021 அக்டோபர் 6-லும் 9-லும் தேர்தல் நடந்தது. வேலூர் மாநகராட்சிக்கு இன்னும் தாமதம், 2022 பிப்ரவரி.

இந்த ஐந்து வருடத்தில் தெருவிளக்கு எரியவே இல்லை என்று சொல்ல முடியாது. தனி அலுவலர்களில் கடமை தவறாதவர்கள் இருந்திருப்பார்கள், சில இடங்களில் பழைய தலைவரை விட நன்றாகவே வேலை நடந்திருக்கலாம். வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. ஊராட்சித் தலைவர் தப்புச் செய்தால் ஊர் அவரைத் தோற்கடிக்கலாம். அந்தப் பயம் அவருக்கு இருக்கும், குறைந்தபட்சம் ஐந்தாவது வருடத்திலாவது. தனி அலுவலருக்கு மேலே இருப்பவர் அவருடைய மேலதிகாரி. அவர் பதில் சொல்ல வேண்டியது மேல்நோக்கி. பல ஊராட்சிகளை ஒருவரே பார்க்கும்போது, குடிதண்ணீர் வராத ஊர்க்காரர் அவரைத் தேடிப் பிடிப்பதே ஒரு நாள் வேலை.

இந்தப் பதில் சொல்லும் கடமையைத்தான் பொறுப்புடைமை என்கிறார்கள். அதிகாரத்தில் இருப்பவர், தன்னால் பாதிக்கப்படுகிறவர்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அவரை விலக்க வழி இருக்க வேண்டும். திறமையான நிர்வாகம் வேறு, ஜனநாயக நிர்வாகம் வேறு. இரண்டும் சேர்ந்து கிடைத்தால் அதிர்ஷ்டம்.

## ரகசியமும் விலையும்

கை தூக்குவதற்கும் வாக்குச்சாவடிக்கும் உள்ள முக்கியமான வித்தியாசம், அட்டை மறைப்புக்குப் பின்னால் நீங்கள் தனியாக நிற்கிறீர்கள் என்பதுதான். யாருக்குப் போட்டீர்கள் என்று முதலாளிக்கும் தெரியாது, ஊர்ப் பெரியவருக்கும் தெரியாது, வீட்டுக்காரருக்கும் தெரியாது. இதற்குப் பெயர் ரகசிய வாக்கெடுப்பு. தெருக் கூட்டத்தில் வட்டிக்காரரின் கண்ணுக்குப் பயந்தவர், இந்த மறைப்புக்குப் பின்னால் தன் மனதில் உள்ளதைச் சொல்லலாம்.

பயத்தை மறைப்பு தடுத்துவிடுகிறது. பணத்தை? 2019 ஏப்ரல் 18-ல் வேலூர் மக்களவைத் தொகுதிக்கு ஓட்டுப்பதிவு நடக்க வேண்டும். அதற்கு முந்தைய வாரங்களில் நடந்த சோதனைகளில் 11 கோடி ரூபாய்க்கு மேல் ரொக்கம் பிடிபட்டது. தேர்தல் ஆணையத்தின் பரிந்துரைப்படி, ஏப்ரல் 16-ல் அந்தத் தேர்தல் அறிவிப்பையே குடியரசுத் தலைவர் ரத்து செய்தார். பணப் பட்டுவாடா காரணமாக ஒரு மக்களவைத் தொகுதியின் தேர்தல் ரத்தானது நாட்டிலேயே அதுதான் முதல்முறை. நாடு முழுக்க முடிவு வந்து, மத்தியில் புது அரசு அமைந்து, அவை கூடிய பிறகு, ஆகஸ்ட் 5-ல்தான் வேலூர் ஓட்டுப் போட்டது. மேலே சொன்ன 8,141 ஓட்டு வித்தியாசம் அந்தத் தேர்தலில் வந்ததுதான்.

‘பணம் வாங்கிக்கிட்டாலும் மனசுக்குப் பிடிச்சவருக்குத்தான் போடுவேன், இதுல இன்னா தப்பு?’ என்று சொல்கிறவர்களைத் திட்டுவதில் எனக்கு ஆர்வமில்லை. ஐந்து வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் தன் கையில் பேரம் இருக்கிறது என்று ஏழை நினைக்கக் காரணம் இருக்கிறது. ஆனால் கேள்வி வாங்குகிறவரோடு முடிந்துவிடவில்லை. கோடிகளைச் செலவு செய்ய முடியாத ஒரு நல்ல ஆள் வேட்பாளராக நிற்கவே முடியாமல் போகிறார். ஓட்டுப் போடும் உரிமை சமமாக இருந்து, நிற்கும் வாய்ப்பு பணப்பெட்டியோடு மட்டும் இருந்தால், சமம் பாதி வழியில் நின்றுவிடுகிறது. சில ஊர்களில் ஊராட்சித் தலைவர் பதவியையே ஏலம் விட்டு, அதிகம் கேட்டவரை ‘போட்டியின்றித் தேர்வு’ என்று அறிவிக்கிறார்கள். ‘ஊரே ஒத்துமையா முடிவு பண்ணுச்சு, இதைவிட ஜனநாயகம் என்ன வேணும்?’ என்று அதற்கு ஒரு நியாயமும் சொல்வார்கள். பணம் கட்ட முடியாதவர் வாய் திறக்க முடியாத இடத்தில் ஒருமனதாக என்று எழுதுவது சுலபம்.

## பாலாறும் எண்ணிக்கையும்

தெருக்குழாய்த் தண்ணீரை நிறுத்தும் தீர்மானத்துக்கு வருவோம். அறுபது வீட்டுக்காரரும் பட்டியலில் இருந்து, ரகசியமாக ஓட்டுப் போட்டு, 59 பேர் ‘அந்த ஒரு வீட்டுக்குத் தண்ணி கிடையாது’ என்று சொன்னால்? அப்போதும் முடியாது. வெறும் பெரும்பான்மை பலத்தால் பறித்துவிட முடியாத சில உரிமைகளை அரசமைப்புச் சட்டம் தனியாக எடுத்து வைத்திருக்கிறது. அவை அடிப்படை உரிமைகள். உயிர் வாழும் உரிமை, சட்டத்தின் முன் சமம், பேச்சுரிமை போன்றவை. டீக்கடையில் எகிறிய அண்ணன் நினைத்தது இதைத்தான், அவர் ஓரளவு சரியாகவே நினைத்தார். பேச விடாத இடத்தில் ஓட்டுக்கு அர்த்தம் குறைவு.

இது ஏட்டுச் சமாச்சாரம் இல்லை என்பதற்கு வேலூரே சாட்சி. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகள் பல்லாயிரம் பேருக்குச் சோறு போட்டன, நாட்டுக்கு அந்நியச் செலாவணி கொண்டுவந்தன. கழிவு பாலாற்றில் இறங்கியது. கிணறு உப்பாகி நிலம் செத்தது. தோல் தொழிற்சாலைப் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போனதாக ஓர் ஆய்வு சொன்னது, நீதிமன்றமே அதை எடுத்துக்காட்டியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் நேரடியாக உச்ச நீதிமன்றத்தில் மனுப் போட்டது. 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் உறுதியாக ஊன்றிய தீர்ப்புகளில் அது ஒன்று. வேலூர் அடங்கிய அன்றைய வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் உட்பட ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம், பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுக்க ஓர் ஆணையம் என்று உத்தரவு போட்டது.

இந்தத் தொழிலை நம்பியவர் எத்தனை பேர், ஆற்றை நம்பியவர் எத்தனை பேர் என்று தலை எண்ணி இதைத் தீர்க்க முடிந்திருக்குமா? ஆற்றோரத்தில் ஒரே ஒரு குடும்பம் இருந்தாலும் அதன் கிணற்றில் விஷம் இறக்க யாருக்கும் உரிமை கிடையாது. இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு: யாரும் ஓட்டுப் போடாத நீதிபதிகள் முடிவெடுப்பது எப்படி ஜனநாயகமாகும்? நீதிமன்றம் தானாக எழுந்த அதிகாரம் இல்லை. மக்கள் சார்பில் எழுதப்பட்ட அரசமைப்புச் சட்டம் கொடுத்த வேலையை அது செய்கிறது. ஆட்டத்தில் விளையாடுகிறவரே நடுவராகவும் இருந்தால் ஆட்டம் கெட்டுவிடும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. அதற்காக நீதிமன்றம் போட்டதெல்லாம் நடந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். 2025 ஜனவரியில் அதே பாலாற்றுத் தோல் கழிவுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடியும் இழப்பீடு, கண்காணிப்புக் குழு என்று உத்தரவிட வேண்டியிருந்தது. தீர்ப்பை நடைமுறைப்படுத்த வைப்பது திரும்பவும் அரசின் கையில், அரசைக் கேட்பது மக்கள் கையில்.

## பெயர்ப்பலகையில் மட்டும்

வட கொரியாவின் அதிகாரபூர்வப் பெயரில் ‘ஜனநாயக’, ‘மக்கள்’, ‘குடியரசு’ மூன்றும் இருக்கின்றன. ஆட்சி தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கு, அப்பாவிடமிருந்து மகனுக்கு என்று மூன்று தலைமுறையாக ஒரே குடும்பத்தில். 1990 வரை இருந்த கிழக்கு ஜெர்மனியும் பெயரில் ஜனநாயகக் குடியரசுதான். தேர்தலும் தவறாமல் நடந்தது, முன்கூட்டியே தயாரித்த ஒரே பட்டியலோடு.

குடியரசு என்றால் நாட்டின் தலைமைப் பதவி பரம்பரையாக வராது என்று பொருள், அவ்வளவுதான். பிரிட்டனில் மன்னர் இருக்கிறார், ஆகவே அது குடியரசு இல்லை. ஆனால் அரசாங்கத்தை மக்கள் மாற்ற முடிவதால் ஜனநாயகம். இந்தியா இரண்டுமாக இருக்க விரும்பி, தன் அரசமைப்பின் முகப்புரையில் இரண்டு சொல்லையும் எழுதி வைத்தது.

## வீட்டில், ஆஸ்பத்திரியில், செல்போனில்

இந்த அடைமொழியை எல்லா இடத்திலும் ஒட்ட வேண்டியதில்லை. வேலூருக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள் தங்கள் அறுவை சிகிச்சையை வார்டில் ஓட்டெடுத்து முடிவு செய்யச் சொல்ல மாட்டார்கள். அங்கே தேவை அறிவும் நோயாளியின் சம்மதமும். ‘எங்க வீட்ல எல்லாம் ஜனநாயகம்தான்’ என்று சொல்கிற அப்பா, மகளுடைய படிப்பையும் கல்யாணத்தையும் குடும்ப ஓட்டெடுப்புக்கு விட்டால், அது மகள் ஒருத்தியின் வாழ்க்கையை நாலு பேர் சேர்ந்து தீர்மானிப்பது. அதில் அவளுடைய ஒரு ஓட்டு மற்ற ஓட்டுகளோடு சமமாக இருப்பதே அநியாயம்.

மலிவான செல்போனும் தள்ளுவண்டியில் தொங்கும் கியூஆர் அட்டையும் நல்ல விஷயம்தான். பலருக்குக் கிடைத்திருக்கிறது என்று சொல்வோம், போதும். அந்தச் செயலியின் விதிகளை யார் எழுதுகிறார்கள், பிடிக்காவிட்டால் மாற்றச் சொல்லப் பூக்காரம்மாவுக்கு வழி இருக்கிறதா என்று கேட்டால் பதில் வராது. கைக்கு எட்டுவது ஒன்று, கட்டுப்பாடு இன்னொன்று.

## கிராம சபையில் உட்கார்ந்தால்

ஓட்டுப் போட்டு ஐந்து வருடம் காத்திருப்பதற்கு நடுவில், நேரடியாகப் பங்கெடுக்க ஓர் இடம் சட்டத்திலேயே இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 73-வது திருத்தத்துக்குப் பின் வந்த தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 சொல்லும் கிராம சபை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற எல்லாரும் அதன் உறுப்பினர். தலைக்கட்டு, சொந்த வீடு, வாடகை வீடு என்ற பேச்சே கிடையாது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நாலு நாளாக இருந்ததோடு, 2022 முதல் மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் சேர்ந்து ஆறு நாளாயிற்று.

கூட்டம் செல்லுபடியாக இத்தனை பேராவது வந்திருக்க வேண்டும் என்று ஒரு குறைந்தபட்ச எண் உண்டு, இதைக் கோரம் என்பார்கள். ஊராட்சியின் மக்கள்தொகை 500-க்குள் என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. நாலு பேர் டீ குடித்துவிட்டுக் கலைந்து, பிறகு வீடு வீடாக நோட்டை அனுப்பிக் கையெழுத்து வாங்கினால் அது கிராம சபை ஆகாது.

அங்கே கேட்க வேண்டியவை எளிமையானவை. வரவு செலவை வாசிக்கச் சொல்லலாம். வீடு கட்டும் திட்டத்துக்கான பயனாளிகள் பட்டியலைப் படிக்கச் சொல்லலாம். சென்ற முறை போட்ட தீர்மானம் என்னவாயிற்று என்று கேட்கலாம். உங்கள் கோரிக்கையைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் முதலில் கையெழுத்து, ‘மேட்டரை அப்புறம் எழுதிக்கிறோம்’ என்றால், “எழுதிட்டுக் கொடுங்க, போட்டுத் தரேன்” என்று உட்கார்ந்தே இருக்கலாம்.